ஹெல்கா

படகின் பெயரை மாற்றக் கூடாதாம்,
அபசகுனம் என்றார் விற்றுப்போன பூன் ஹுவாட்.
அதனால் எங்கள் அறுபதாம் வயது வீட்டுக்கு
யாரோ ஒரு ஜெர்மன்காரன்
எந்த ஊரிலோ விட்டுவந்த பெண்ணின் பெயர்.
ஹெல்கா. இருபத்தொன்பது அடி.
கழிவறைக் கதவு மூடாது.

ஃபிளாட்டை விற்றோம். சேமநிதியில் பாதி போயிற்று.
திரவியம் தேடக் கடலோடியவர்கள் உண்டு,
தேடியதைக் கொண்டுபோய்க் கடலில் கொட்ட
ஆயர் ஈத்தாமிலிருந்து இரண்டு பேர் கிளம்பியதை
என் நாத்தனார் இன்னும்
கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறாள்.

முப்பத்தொரு வருடம் நான் வேலை செய்த அறைக்குள்
காற்று நுழையவும் அனுமதி அட்டை வேண்டும்.
ஏழு சல்லடை தாண்டி வரும் காற்று,
தூசியை எண்ணும் இயந்திரம்,
கண் மட்டும் தெரியும் வெள்ளை அங்கி.
ஒரு தலைமுடி விழுந்தால் விசாரணை.
அங்கிருந்து நேரே இங்கே:
"காற்று எந்தப் பக்கம், மாக்சிக்?"
என்று கேட்கிறான் பயிற்சியாளன் ஃபைசால்.
தெரியவில்லை.
"காதால் பாருங்கள்" என்கிறான்.
இரண்டு காதிலும் ஒரே இரைச்சல் என்றால்
காற்று நேர் எதிரே.
என் இடது காது பாதி செவிடு.
அவனிடம் சொல்லவில்லை.

தவசீலனுக்கு முடிச்சு வந்தது, எனக்குச் சுக்கான்.
சண்டை இருவருக்கும் வந்தது.
"இழு" என்றால் எதை? "விடு" என்றால் எதை?
வீட்டில் அப்படிப் பேசியே
முப்பத்தைந்து வருடம் ஓட்டிவிட்டோம்,
படகில் அது நடக்காது.
கயிறுகளுக்குப் பெயர் வைத்தோம்.
நீலக் கோடு போட்டது நீலகண்டன்.
சிவப்பு, மிளகாய்.

முதல் இரவு, ஜெரெஜாக் தீவோரம்.
நங்கூரம் போட்டு, சார்டின் டின் உடைத்து,
"கரையில் தூங்குகிறவர்கள் பாவம்" என்றார்.
மூன்று மணிக்குச் சுமத்ரா சூறை வந்தது.
மழை படுக்கைவாட்டில் பெய்தது.
சிமெண்டுத் தரையில் யாரோ
அண்டாவை இழுத்துப்போவது போல
நங்கூரம் உழுதுகொண்டு போவதை
அந்தச் செவிட்டுக் காதிலும் கேட்டேன்.
அவர் இயந்திரத்தை முடுக்கினார், அது இருமியது.
"மிளகாயை விடுங்க!" என்று கத்தினேன்.
பாயே ஏற்றவில்லை என்பது
பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் அமைதி. அடியில் மெத்தென்று ஏதோ.
சேறு.

அமாவாசை என்றால் எனக்கு
மீன் வாங்காத நாள், அவ்வளவுதான்.
கடலுக்கு வந்ததில் அதுவும் மறந்து
சார்டின் தின்றிருந்தோம்.
அன்றைக்குத் தண்ணீர் கூடுதலாய் ஏறும்,
கூடுதலாய் வற்றும் என்பதை
தினம் கிழிக்கும் நாட்காட்டியில்
ராகு காலத்துக்குப் பக்கத்திலாவது
போட்டிருக்கலாம்.

வற்ற வற்ற ஹெல்கா சாய்ந்தாள்.
தட்டுகள் அலமாரியை விட்டுக் கிளம்பின.
விடிந்தபோது
சுவரில் உட்கார்ந்து தரையில் முதுகு சாய்த்து
மைலோ குடித்தோம்.
கோப்பைதான் கோணல், மைலோ நேராக நின்றது.
சேற்றுமீன்கள் செட்டையை ஊன்றி வந்து
எங்களைப் பார்த்துவிட்டுப் போயின.
நண்டு வலைக்காரர் ஒருவர்
தூரத்திலிருந்தே மூன்று விரல் காட்டினார்,
மூன்று மணி நேரம்.
சிரித்தது இங்கே வரை கேட்டது.

மகள் கோலாலம்பூரிலிருந்து அழைத்தாள்.
"எங்கம்மா இருக்கீங்க?"
"வீட்லதான்" என்றேன்,
வழுக்கிவிடாமல் மேசைக் காலைப் பிடித்தபடி.

எதிர்க்கரையில் பாயான் லெப்பாஸ்.
ஏழு மணி ஷிப்ட்.
நீலப் பேருந்துகள் ஒவ்வொன்றாய் வளைந்து
என் பழைய வாசலில் நின்றன. எண்ணினேன்,
தூசி எண்ணிய கண்.
ஒன்பது. முன்பு பதினான்கு வரும்.
அந்தக் கட்டடத்துக்குக் கடல் பக்கம்
ஒரு ஜன்னல்கூட இல்லை என்பது
இன்றுதான் தெரிகிறது.

ஈரத் தலையணை உறைகளை
எந்தப் பக்கம் கட்டுவது என்று அவர் கேட்டார்.
கண்ணை மூடித் தலையை மெல்லத் திருப்பினேன்.
வலது காதில் லேசாக ஏதோ.
"அந்தப் பக்கம்."
கட்டினார்.
ஒன்று பறந்துபோய்ச் சேற்றில் விழுந்தது.